தந்தப் பிடியில் மூன்று பொட்டு

அக்டோபர் 6, ஞாயிறு. எடின்பரோ.

பன்னிரண்டு பேர். திருவனந்தபுரத்தில் ஏறும்போது பன்னிரண்டு, துபாயில் விமானம் மாறும்போது பன்னிரண்டு. இங்கே இறங்கிப் பேருந்தில் எண்ணினால் பதினொன்று. மறுபடி எண்ணினேன், அதே பதினொன்று. பிறகு இசக்கிராஜா கழிப்பறையிலிருந்து முகம் கழுவி, நெற்றியில் புதிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். பத்தொன்பது மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அவனுக்கு அதுதான் அவசரம்.

நான் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் ஒரு செவிலியர் கல்லூரியில் துணை முதல்வர். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். மொத்தம் முப்பத்தொரு வருடப் பணியில் ஒரு மெமோ வாங்கியதில்லை. மார்ச்சில் ஓய்வு. என் டைரிக்கே என்னை ஏன் அறிமுகம் செய்கிறேன் என்றால், திரும்பிப் போனதும் முதல்வர் மேடம் இதை வாங்கிப் படிப்பார். "சிஸ்டர், தினமும் ரெண்டு வரி எழுதி வைங்க, அறிக்கைக்கு உதவும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனவே நடந்தது நடந்தபடி எழுதுவேன்.

மருத்துவ வரலாறு படிக்கப் பத்து நாள். மாணவர்களுக்குப் பதினான்கு விதிகள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். முக்கியமானது விதி 6: அருங்காட்சியகத்தில் எதையும் தொடக் கூடாது. தொடச் சொன்னாலும் யோசித்துத் தொட வேண்டும்.

அக்டோபர் 7, திங்கள்

அருங்காட்சியகத்தில் மோராக் என்ற அம்மையார் எங்களை வரவேற்றார். பழைய பொருள்களைச் சுத்தம் செய்து கெடாமல் காப்பது அவர் வேலை. என் வயதுதான் இருக்கும். சிரிக்கவே மாட்டார். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது.

நோயாளிகளின் ரத்தத்தை உறிஞ்சவிட அட்டைப்பூச்சி வளர்த்த பீங்கான் ஜாடி ஒன்று பார்த்தோம். மூடியில் காற்றுப் போக ஓட்டைகள், வெளியே தங்க எழுத்து. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு இவ்வளவு மரியாதை இல்லை. பெனிட்டா கேட்டாள், "மேடம், ஒரே அட்டைய எத்தன பேருக்கு விட்டிருப்பாங்க?" நான், "நோட்ஸ் எடு" என்றேன். பதில் தெரியாத கேள்விக்கு நான் அப்படித்தான் சொல்வேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் மாணவர்களில் ஒருவருக்கு பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் இங்கேயே பயிற்சி தருகிறார்கள். விமான டிக்கெட் முதல் சாப்பாடு வரை அவர்கள் பொறுப்பு. ஒரே ஓர் இடம். வருகிற திங்கட்கிழமை, 14ஆம் தேதி, மோராக் அம்மையாரே நேர்முகத் தேர்வு வைக்கிறார். ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கிடைத்தால் இசக்கிராஜாவுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்காருவான். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். இவனோ, கல்லூரிக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஸ்டெரிலைசரை மூன்று மாதம் தேய்த்து, அது எந்த வருடம் யார் வாங்கியது என்று விசாரித்து, அட்டையில் எழுதி ஒட்டியவன். பழைய பொருளைக் கண்டால் சாப்பாட்டை மறந்துவிடுவான். மறந்துவிட்டு, பிறகு என் பிஸ்கட்டைச் சாப்பிடுவான்.

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. துவைத்த புடவை காயவில்லை. பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள்.

அக்டோபர் 9, புதன்

இன்று ஒரு பழங்கால அறுவைக் கூடம். நடுவில் மரமேசை, சுற்றிப் படிப்படியாக மாணவர்கள் நின்று வேடிக்கை பார்க்க இடம். ரத்தம் உறிஞ்ச மேசைக்குக் கீழே மரத்தூள் பெட்டி. மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஓரிரு நிமிடத்தில் காலை எடுத்துவிடுவார்களாம். வழிகாட்டிப் பெண் அதைப் பெருமையாகச் சொன்னாள். நான் கையைத் தூக்கி, "எண்ணியது யார்?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

தியேட்டரில் என் வேலையே அதுதான். அறுக்குமுன் பஞ்சு, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் எண்ணுவோம். வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ணுவோம். கணக்கு ஒத்துவராமல் தையல் போட விடமாட்டேன், சர்ஜன் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு பஞ்சுக்காக நாற்பது நிமிடம் எல்லாரையும் நிற்க வைத்தேன். அது என் செருப்புக்கு அடியில் ஒட்டியிருந்தது. அதற்கும் மெமோ வரவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

வீட்டுக்காரர் போன் செய்தார். தேங்காய்த் துருவி எங்கே என்று கேட்டார். முப்பது வருடமாக அது இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்றேன். அது எந்த இடம் என்று கேட்டார்.

நாளை ஆயுத பூஜை. இவர் ஸ்கூட்டருக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பார். தியேட்டரில் ஆயுத பூஜை என்றால் நான்தான். கத்தி, கத்தரி, கருவிகளை அவிக்கும் ஆட்டோகிளேவ், மயக்க மருந்து மெஷின், மேலே தொங்கும் விளக்கு வரை சந்தனம், குங்குமம். எங்கள் பெரிய சர்ஜன் சாமி கும்பிடாதவர். அவரே மெதுவாக வந்து, "சிஸ்டர், என் கத்தரிக்கு வச்சாச்சா?" என்று கேட்பார். மறுநாள் விடியற்காலையில் அத்தனையையும் கழுவி ஸ்டெரிலைஸ் செய்வதும் நான்தான். கல்லூரிக்கு வந்த பிறகும் செய்முறைக் கூடத்தில் ஒரு வருடம் விட்டதில்லை. இந்த வருடம்தான் விடப்போகிறது.

பரவாயில்லை. பொரியும் கடலையும் கொண்டுவந்திருக்கிறேன். குங்குமம் ஒரு பொட்டலம்.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் விடுதி அறையில் சின்னதாகப் பூஜை. மாணவர்களின் ஸ்டெதஸ்கோப், செல்போன், ஒருத்தியின் தலைமுடி உலர்த்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பொரி கொடுத்தேன்.

பிறகு அருங்காட்சியகத்தில் கருவிகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வகுப்பு. கையுறை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நூற்று எண்பது வருடப் பழைய மரப்பெட்டி ஒன்றை மேசைமேல் திறந்து வைத்தார்கள். உள்ளே வெல்வெட் மெத்தை. அதில் கை கால் எடுக்கும் கத்திகள், ஒரு ரம்பம். ரம்பத்துக்கு யானைத் தந்தத்தில் பிடி. எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றிவிட்டு இத்தனை காலமாகச் சும்மா கிடக்கிறது.

வகுப்பு முடிந்த பின் தேநீர் நேரத்தில் மோராக் அம்மையார் என்னிடம், "நீங்கள் கவனமானவர். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்றார். முதல் ஐந்து நிமிடம் நான் தனியாகக் காவல் இருந்தேன். அடுத்த ஐந்து நிமிடம் இசக்கிராஜா, அதற்கடுத்து பெனிட்டா.

பெட்டி பத்திரமாக இருந்தது. வேறு எதுவும் குறிப்பிடும்படியாக இல்லை.

குங்குமப் பொட்டலத்தை எங்கேயோ வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

காலை எட்டு மணிக்கு அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு. எல்லாரும் உடனே வரவேண்டும் என்றார்கள்.

பெட்டி மேசைமேல் திறந்திருந்தது. ரம்பத்தின் தந்தப் பிடியில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. "மூன்று கறைகள்" என்றார் மோராக் அம்மையார். "மூணா?" என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணிக்கையை உறுதி செய்துகொள்வது தியேட்டர் பழக்கம் என்று விளக்கம் சொன்னேன்.

தந்தம் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். சாயம் உள்ளே இறங்கினால் எடுப்பது கஷ்டமாம். செய்தது யார் என்று தெரிந்தாக வேண்டும், அந்த ஆள் திங்கட்கிழமைத் தேர்வுக்கு வர வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாணவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தவன் ஒருவன்தான். யாரும் அவனைக் கைகாட்டவில்லை, ஆனால் எல்லாக் கண்ணும் அங்கே போனது.

இசக்கிராஜா எழுந்து நின்றான். "நான்தான் வச்சேன். மூணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். மோராக் அம்மையார் ஒரு காகிதத்தை எடுத்து அவன் பெயரை அடித்தார்.

மாணவர்களிடம் ஒழுங்கு குறைந்துவருகிறது. விதி 6ஐ இவ்வளவு தெளிவாக எழுதியும் யாரோ மீறியிருக்கிறார்கள். ஆனால் மூன்று எப்படி வரும்? ஒன்றுதானே இருக்க வேண்டும்? (இது பொதுவான கேள்வி.)

அக்டோபர் 13, ஞாயிறு

புடவைகள் துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். பெட்டியை அடுக்கினேன், பிரித்தேன், மறுபடி அடுக்கினேன். சூட்கேஸ் சாவியைத் தேடினேன், கையில்தான் இருந்தது. கெட்டிலில் ரசம் வைத்தேன், கெட்டில் கெட்டுப்போனது. அவனுக்கு இருபத்தொரு வயதுதான், இன்னும் நூறு வாய்ப்பு வரும் என்று மூன்று தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டுக்கு எடின்பரோ எத்தனை தடவை வரும்?

இந்தப் பக்கத்தை முதல்வரிடம் காட்டப் போவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான்தான் வைத்தேன். அந்த ரம்பத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கையுறையோடு பொட்டு வைப்பது மரியாதை இல்லை என்று அதைக் கழற்றினேன். வெறும் கையால் பழைய பொருளைத் தொடக் கூடாதே என்று முதலில் சானிடைசர் வேறு போட்டுத் தேய்த்துக்கொண்டேன். என் சுத்தத்தை என்னவென்று சொல்வது. கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, மோதிர விரலில் குங்குமம் தொட்டு, பிடியில் ஒரே ஒரு பொட்டு. கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டேன். திறந்ததும்தான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது. துடைத்தேன், தேய்ந்ததே தவிரப் போகவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. முப்பத்தொரு வருடம் மெமோ வாங்காதவள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்தப் பெயரைக் காப்பாற்ற ஒரு பையனின் பெயரை அடிக்கவிட்டுச் சும்மா நின்றேன்.

ஆனால் நான் வைத்தது ஒன்று. அங்கே இருப்பது மூன்று. இந்தக் கணக்கு நேற்றிலிருந்து என்னைத் தின்கிறது.

சாயங்காலம் விடுதியின் துணி துவைக்கும் அறையில் இசக்கிராஜாவைப் பிடித்தேன். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல இசக்கி, நீ எதுக்குல ஒத்துக்கிட்ட?"

"நான் வச்சேன்லா மேடம்."

"மூணுமா?"

அவன் தலை குனிந்துகொண்டான். "ஒண்ணு. நீங்க வச்சத கதவுக் கண்ணாடி வழியாப் பாத்துட்டேன் மேடம். உங்களுக்கப்புறம் நான் உள்ள போனா, ஒத்தப் பொட்டா இருந்துச்சு. எங்கப்பா ஆட்டோவுக்கு மூணு வைப்பாரு. ஒத்தையா விட்டா நல்லா இருக்காதேன்னு, பாக்கெட்ல இருந்த குங்குமத்துல கூட ஒண்ணு வச்சேன்."

"மூணாவது?"

"அது நீங்க திரும்ப வந்து வச்சதுன்னுல்லா நெனச்சேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெஷின் சுற்றி முடித்துச் சத்தம் போட்டது.

"சரி, நீ வச்ச ஒண்ண மட்டும் ஒத்துக்கிட வேண்டியதுதான? என்னையும் சேத்து எதுக்குல தூக்கிச் சுமந்த?"

"மார்ச்ல ரிட்டையர் ஆவப் போறீங்க மேடம். மெமோ வாங்கினதில்லன்னு கிளாஸ்ல வாரத்துக்கு ரெண்டு தடவ சொல்லுவீங்க. அத எப்படி மேடம் கெடுக்க?" என்றான்.

வாரத்துக்கு இரண்டு தடவையா சொல்கிறேன்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஈரத் துணியை அவன் கையில் திணித்துவிட்டு, "காலையில ஒம்பது மணிக்கு ரெடியா இரி" என்று சொல்லி வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

தேர்வு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே எல்லாரையும் கூட்டிக்கொண்டு மோராக் அம்மையாரின் அறைக்குப் போனேன். என் ஆங்கிலம் தியேட்டர் ஆங்கிலம். கத்தி கொடு, கட்டு போடு என்பதற்குத்தான் சரிப்படும். அதில் சொன்னேன்: "ஒரு பொட்டு நான் வைத்தது. ஒன்று இவன் வைத்தது. மூன்றாவது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இந்த அறையை விட்டுப் போகமாட்டேன். நாற்பது நிமிடம் ஆனாலும் நிற்பேன்."

நாற்பது நிமிடம் ஆகவில்லை. பெனிட்டா விசும்ப ஆரம்பித்தாள். "மேடம், நான் உள்ள வரும்போது ரெண்டு இருந்துச்சு. ரெண்டா இருக்கவும் கண்ணு மாதிரி என்னையே பாத்துச்சு. மேசையில உங்க குங்குமப் பொட்டலமும் இருந்துச்சு. அதான் நடுவுல ஒண்ணு வச்சேன்."

"நீ சர்ச்சுக்குப் போற பிள்ளல்லா?" என்றேன்.

"எங்கப்பாவுக்கு லாரி ஒர்க்‌ஷாப் மேடம். சின்னதுல இருந்து வருஷா வருஷம் ஸ்பானருக்கெல்லாம் பொட்டு வைக்கது என் வேலை. கை சும்மா இருக்கல."

பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று, ஒன்று, ஒன்று. மூன்று. கணக்கு ஒத்துவந்ததும் இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

மோராக் அம்மையாருக்குக் கறையைவிட இசக்கிராஜா பொய் சொன்னதுதான் கோபம். நான் சொன்னேன்: "பெட்டியை நீங்கள் என்னிடம்தான் ஒப்படைத்தீர்கள். எங்கள் தியேட்டரில் பஞ்சு ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது சிஸ்டர், மாணவன் இல்லை. என்னைப் பற்றிக் கல்லூரிக்கு எழுதுங்கள். இவர்கள் இரண்டு பேரையும் தேர்வுக்கு விடுங்கள்."

"எழுதத்தான் போகிறேன்" என்றார்.

ஒரு படிவத்தை எடுத்தார். பொருளுக்குச் சேதம் வந்தால் நிரப்புவது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு வரி. யார், எப்போது, எப்படி, ஏன். முதல் மூன்றும் எளிது. 'ஏன்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வருடம் முழுக்க உழைத்த கருவிக்கு அன்று ஒரு நாள் ஓய்வு, நன்றி சொல்லும் நாள் என்றேன். இந்த ரம்பத்துக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"அந்த ரம்பம் பட்டவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றார். வாயின் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. பிறகு குனிந்து ஒரே ஒரு சொல் எழுதினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்ததால் படிக்க முடியவில்லை.

பத்து மணிக்கு ஐந்து பேரையும் தேர்வுக்கு அழைத்தார்.

அக்டோபர் 16, புதன்

விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் செய்தி வந்தது. இசக்கிராஜாவுக்குத்தான் இடம். தந்தத்திலிருந்து சாயத்தை எப்படி எடுப்பது என்று ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் படித்துவிட்டு, தேர்வில் மோராக் அம்மையாரையே எதிர்க்கேள்வி கேட்டிருக்கிறான். வந்ததும் அவன் முதல் வேலை அந்த மூன்று பொட்டை எடுப்பதாம். பெனிட்டா அவன் முதுகில் பையாலேயே நாலு போட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

பன்னிரண்டு பேர். என் பிஸ்கட் மட்டும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

மோராக் அம்மையாரின் கடிதம் கல்லூரிக்கு வந்துவிட்டது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "அஞ்சு மாசத்துல போறீங்க சிஸ்டர். நான் எதையும் படிக்கல" என்று சொல்லி, அதை டிராயரில் போட்டு மூடினார். டைரியைக் கேட்கவும் இல்லை. வெளியே வந்ததும், சொல்லக் கூடாது, நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

31ஆம் தேதி ரம்ஜான் விடுமுறை என்பதால் பணி நிறைவு விழாவை இன்றே வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் முன்வரிசை. காலையில் தேங்காய்த் துருவியை அவரே எடுத்தார், அதற்குப் பாராட்டும் எதிர்பார்த்தார்.

மண்டபத்துக்குக் கிளம்பும்போது இசக்கிராஜா எடின்பரோவிலிருந்து செய்தி அனுப்பினான். "மேடம், என்னோடதும் பெனிட்டாவோடதும் போயிட்டு. உங்களோடது போவல. எட்டு வாரமாப் பாத்தாச்சு. சானிடைசர் போட்ட கையில வச்சதால சாயம் உள்ள எறங்கிட்டுன்னு மோராக் மேடம் சொல்லுதாங்க. இனிமே தேய்ச்சா தந்தம் கெட்டுரும்னு விட்டாச்சு."

கூடவே பதிவேட்டுப் பக்கத்தின் படம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதிவைக்கிறேன். 'பிடியில் இளஞ்சிவப்புக் கறை ஒன்று. அழியாதது. வைத்தவர்: சண்முகவடிவு, ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், பாளையங்கோட்டை. காரணம்: நன்றி.'

அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. கட்டியிருந்த புடவையில் கண்ணீர் சொட்டி, வேறு புடவை மாற்றிக்கொண்டு போனேன்.

விழாவில் முதல்வர் பாராட்டுரை வாசித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தி, "முப்பத்தொரு வருஷத்துல ஒரு சின்னக் கறைகூட இல்லாம..." என்றார். எல்லாரும் கைதட்டத் தயாரானார்கள். டிராயரைப் பற்றித் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பேசாமல் மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நான் எழுந்துவிட்டேன்.

"இருக்கு மேடம்" என்றேன்.

வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். பின்வரிசையில் பெனிட்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முதல்வர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "எத்தன சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுதான் மேடம். எண்ணிட்டேன்" என்றேன்.